மேட்ச் நின்றுபோன இருபது நிமிடம்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இம்மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களுக்கும் நட்புகளுக்கும் இளைய மகளின் வணக்கம். அப்பாவின் படிப்பு, பணி, பெற்ற பாராட்டுகள் எல்லாவற்றையும் அண்ணன் முன்பக்கங்களில் எழுதிவிட்டான். ஒளிபரப்புக் கோபுரத்தின் உச்சி வரை இடுப்புப் பட்டையை மட்டும் நம்பி ஏறிய அஞ்சாநெஞ்சர் என்றும் எழுதியிருக்கிறான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் மறுக்கிறேன். எங்கள் அப்பாவைப் போலப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. நான் அவர்கள் மகள்தான். இதை எழுத உட்கார்ந்த பிறகு வானம் மூடியிருக்கிறதா என்று இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அப்பா பிறந்தது விருதுநகருக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமம். விவசாயக் கூலியாகக் காட்டு வேலைக்குப் போன குடும்பம். மழை பொய்த்துக்கொண்டே வந்ததால் தாத்தா சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆபீஸ் வேலைக்கு வந்தார்கள். பட்டாசுத் தொழிற்சாலையை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அப்பா ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் மழை தொடங்கும் முன்பே விழுந்த முதல் இடியில் ஒரு ஷெட் வெடித்தது. பள்ளிக்கூடத்து ஜன்னல் அதிர்ந்ததாம். வாத்தியார் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு மறுபடியும் பாடம் நடத்தினாராம். தாத்தா அந்த ஷெட்டில் இருந்தார்கள் என்பது சாயங்காலம்தான் வீட்டுக்குத் தெரிந்தது. "அவுக போனதுக்கப்புறம் நான் அரை மணி நேரம் கணக்குப் போட்டுட்டு இருந்திருக்கேன் தாயி" என்று அப்பா ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார்கள்.

அப்பாவுக்கு மூத்தவர்கள் எங்கள் அத்தை. தாத்தா போனதும் படிப்பை விட்டுவிட்டு முதலில் தீப்பெட்டி ஆபீசுக்கும், பிறகு விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு ஆபீசுக்கும் வேலைக்குப் போனார்கள். தம்பி படிக்க வேண்டும் என்பது அத்தையின் பிடிவாதம். அப்பா படித்து, தொலைக்காட்சி ஒளிபரப்பு நிலையத்தில் என்ஜினியராகி, வெளியூரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் நம்ம ஊர் நிலையத்துக்கே மாற்றல் வாங்கி வந்தார்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும்படி அத்தையைக் கெஞ்சினார்கள். "வீட்ல உக்காந்து உன் மூஞ்சியப் பாத்துட்டு இருக்கவாலே" என்று அத்தை டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அது முதல் ஒவ்வொரு நாளும் அப்பாவுக்குப் பயம்தான்.

அந்தப் பயத்துக்கு அப்பா ஒரு கருவி கண்டுபிடித்திருந்தார்கள். எல்லார் வீட்டிலும் கிடக்கும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோதான். அதை எந்த ஸ்டேஷனிலும் வைக்காமல், இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே மத்திய அலையில் வெறுமனே இரைய விட்டு மேசையில் வைத்திருப்பார்கள். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரத்தில் மின்னல் அடித்தாலும் அந்த இரைச்சலில் 'படக்' என்று ஒரு வெட்டு விழும். வெட்டு நெருக்கி நெருக்கி விழுந்தால் இடிமழை நம்ம பக்கம் வருகிறது என்று அர்த்தம். உடனே தெரிந்த பட்டாசு ஆபீஸ்களுக்குப் போன் போட்டு, ஆட்களை வெளியே எடுக்கச் சொல்வார்கள். இடி இடித்தால் வேலையை நிறுத்துவது எல்லா ஆபீசிலும் உள்ள வழக்கம்தான். இடிக்கும் முன்பே நிறுத்தச் சொன்னது அப்பா மட்டும்தான். பாதி நாள் மழை வேறு பக்கம் போய்விடும். "ரேடியோ சார் பயந்துட்டாரு" என்று சிரிப்பார்கள்.

நான் சொல்ல வந்தது ஒரு தீபாவளி சீசனில் நடந்தது. செல்போன் எல்லார் கைக்கும் வந்திராத சமயம். கேபிளும் எங்கள் பக்கத்துப் பாதி ஊர்களுக்கு வரவில்லை, அப்பாவின் கோபுரத்திலிருந்து வந்தால்தான் படம். அன்று இந்தியா ஆடும் ஒரு நாள் மேட்ச். கல்லூரி விடுமுறை என்பதால் நான் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். நிலையத்தில் அப்பாவும் வாசலில் காவலாளியும் மட்டும்தான். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது ரேடியோவில் வெட்டு விழ ஆரம்பித்தது. பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. வெளியே எட்டிப் பார்த்தேன், வெயில் சுள்ளென்று அடித்தது.

அப்பா எச்சில் கையோடு போன் போட்டார்கள். நாரணாபுரத்து ஆபீஸ் ஒன்றில் ஒருவர் எடுத்து, "வெயிலு மண்டையப் பொளக்குது சார், சீசன் நேரத்துல விளையாடாதீக" என்று வைத்துவிட்டார். இன்னொரு இடத்தில் யாரும் எடுக்கவில்லை. அத்தை வேலை செய்த ஆபீசுக்குப் போட்டால் எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. அப்பாவுக்குக் காரணம் தெரியும். அங்கிருந்த போர்மேன், ஆர்டர் கேட்டு வரும் போன்கள் மேட்சைக் கெடுக்கும் என்று ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவார். டியூட்டி நேரத்தில் அப்பா நிலையத்தை விட்டு நகரவும் முடியாது. அத்தையின் ஆபீசுக்குக் காவலாளியை சைக்கிளில் அனுப்பினார்கள். அதற்குள் ரேடியோ பொரிகிற மாதிரி வெடிக்கத் தொடங்கியிருந்தது.

"அப்பா, எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

"எனக்கும்தான் தாயி" என்றார்கள். கையைக் கழுவிவிட்டு வந்தார்கள். டிரான்ஸ்மிட்டர் முன்னால் போய் நின்றார்கள். பவரைப் படிப்படியாகக் குறைத்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள்.

மேலதிகாரி உத்தரவில்லாமல் மேட்ச் நடுவே ஒளிபரப்பை நிறுத்துவது என்றால் வேலைக்கே உலை. ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. "இப்ப எல்லாரும் திட்டுறதுக்குப் போன் பண்ணுவாக. அந்தப் போர்மேனும் பண்ணுவாரு" என்றார்கள் அப்பா. போனைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்கள்.

சொன்ன மாதிரியே போன் அலறியது. முதலில் ஒரு டீக்கடைக்காரர். பிறகு ஒரு வக்கீல். பிறகு யார் யாரோ. இந்தப் பக்கத்தில் அச்சிட முடியாத வார்த்தைகள். எல்லாருக்கும் அப்பா ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "ஐயா, இடி வருது. உங்களுக்குத் தெரிஞ்ச பட்டாசு ஆபீஸ் இருந்தா ஆள வெளிய எடுக்கச் சொல்லுங்க." ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் அது போர்மேனாக இருக்காதா என்று ரிசீவர் பக்கம் காதை நீட்டினேன். பதினைந்தாவதோ பதினாறாவதோ அவர்தான்.

"என்ன சார் பண்ணிட்டு இருக்கீக அங்கன? ரெண்டு ஓவர் போச்சு."

"இடி வருது. ஆளெல்லாம் ரோட்டுக்கு வரட்டும். அப்பத்தான் படம் வரும்."

"வானம் பளிச்சுன்னு கெடக்கு சார். சம்பளம் வாங்கிட்டு இப்படியா பண்ணுவீக?" என்று தொடங்கி, எங்கள் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டினார். ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. எல்லாம் முடிந்ததும் அப்பா, "அம்புட்டுப் பேரும் வெளிய வந்ததும் எங்க அக்காகிட்ட போனக் குடுங்க" என்றார்கள்.

கடைசியில் அத்தையின் குரல் வந்தது. "ஏலே, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? ஊரே உன்னிய வையுது."

"எல்லாரும் வந்துட்டாகளாக்கா?"

"வந்தாச்சு, வந்தாச்சு. வேப்ப மரத்தடியில நிக்கோம்."

"மரத்தடியில நிக்காதக்கா. ரோட்டுக்குப் போங்க. மேட்ச் முடியுமட்டும் உள்ள போகக் கூடாது. போனா திரும்ப நிறுத்திருவேன்னு சொல்லு."

இங்கே இருந்துகொண்டு அங்கே என்ன நடக்கிறது என்பதை அப்பாவால் பார்க்க முடியாது என்பது போர்மேனுக்கும் தெரியும். அதனால் மேட்சைத் திரும்பப் போட்ட பிறகும் எங்கள் பயம் போகவில்லை. அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ரேடியோ மட்டும் ஓயாமல் வெடித்தது. தெற்கே திடீரென்று கறுத்தது. ஒரே ஒரு இடி. அதன் பின்னாலேயே இன்னொரு சத்தம் கேட்டது. அந்த இரண்டாவது சத்தத்தை இந்தப் பக்கத்தில் பிறந்த யாரும் இடி என்று நினைக்க மாட்டார்கள். போனை எடுத்துப் பார்த்தால் செத்துக் கிடந்தது.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். தெற்கே புகை தெரிந்தது. "உள்ள போயிருப்பாகளோ" என்று ஒரு முறை கேட்டார்கள். ஏழாம் வகுப்புப் பையனாக அவர்கள் கணக்குப் போட்ட அரை மணி நேரம் எனக்கு அப்போது புரிந்தது. எங்களுக்கு அது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது.

லோடு ஏற்றும் டெம்போ ஒன்று வாசலில் வந்து நின்றது. எங்கள் காவலாளி இறங்கினார். பின்னாலேயே தலையெல்லாம் நனைந்து அத்தை இறங்கினார்கள். அத்தை உட்காரும் ஷெட் இருந்த இடத்தில் சுவரே இல்லையாம். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. "என் டிபன் தூக்கு போச்சுலே" என்றார்கள் அத்தை. அப்பா அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்கள்.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மின்தடை, பழுது என்று எதையாவது எழுதிவிடும்படி நண்பர்கள் சொன்னார்கள். அப்பா அன்றே நிலையப் பதிவேட்டில் எழுதியிருந்ததைத்தான் பதிலிலும் எழுதினார்கள். 'ஒளிபரப்பு நின்ற நேரம்: இருபது நிமிடம். காரணம்: பயம்.' மேலதிகாரிகள் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அந்த மெமோவையும் பதிலையும்தான் அண்ணனிடம் சண்டை போட்டு எதிர்ப்பக்கத்தில் அச்சிட வைத்திருக்கிறேன்.

கடைசி நாட்களில் விருதுநகர் மருத்துவமனையில் மூச்சு வாங்கியபடி படுத்திருந்தபோதும் தலைமாட்டில் அந்த ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. "பயமா இருக்குக்கா" என்றார்கள். "நான் இங்கனதானலே இருக்கேன்" என்று அத்தை கையைப் பிடித்தபடியே இருந்தார்கள். அந்தக் கை விலகாமலேயே அப்பா போனார்கள்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், ரேடியோவை அணைக்கச் சொல்லாத செவிலியர்கள், இறுதி நாளில் தோள் கொடுத்த நாரணாபுரம், விஸ்வநத்தம் தொழிலாளர்கள், இம்மலரை அச்சிட்டுத் தந்த திருத்தங்கல் அச்சகத்தார் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எல்லாருக்கும் மேலாக, அன்று போன் போட்டு அப்பாவைத் திட்டிய ஒவ்வொருவருக்கும் நன்றி. முக்கியமாக எங்கள் பாட்டன் பூட்டன் வரை போன அந்தப் போர்மேன் ஐயாவுக்கு. நீங்கள் அன்று போன் போட்டுத் திட்டாமல் இருந்திருந்தால், இப்படி ஒரு மலரை அப்பா தன் அக்காவுக்காக எழுத வேண்டி வந்திருக்கும்.