பட்டிக்குள் வந்த கன்று

தனபாலனுக்குப் பயம் கூடப்பிறந்தது. சின்ன வயதில் தோட்டக் கங்காணியான மண்டோரின் சைக்கிள் மணி கேட்டாலே லயத்து வீடுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். அப்படிப்பட்டவனிடம்தான் மாவட்ட மன்றம் மாட்டுப் பட்டியின் சாவியைக் கொடுத்தது.

கோலசிலாங்கூருக்கு வடக்கே, பாரிட் மெராந்தி என்ற சின்னப் பட்டணத்தில் இருந்தது அந்தப் பட்டி. நான்கு பக்கமும் கம்பி வேலி, நடுவில் தகரக் கூரை, ஒரு தண்ணீர்த் தொட்டி. பக்கத்துத் தோட்டங்களில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது, மாடு குருத்தைத் தின்றுவிடும் என்று நிர்வாகங்கள் மாடுகளை விரட்டின. மேய இடமில்லாத மாடுகள் சாலைக்கு வந்தன. சாலைக்கு வந்தவற்றை மன்றத்து லோரி பிடித்து இந்தப் பட்டியில் அடைத்தது.

தனபாலன் ஐந்து வருடமாக நாள் சம்பளக்காரன். 1986 ஜூலையில் நிரந்தரமாக்குகிறோம் என்று வாயால் சொல்லியிருந்தார்கள். அதுவரை ஒரு தப்பும் நடந்துவிடக் கூடாதென்று பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பான். சீட்டு இல்லாமல் எதுவும் உள்ளே வரக் கூடாது, எதுவும் வெளியே போகக் கூடாது என்பது பட்டியின் சட்டம். சீட்டு எழுதுகிறவர் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி.

“மாடு உன்னைப் பாத்துப் பயந்தா சரி. நீ மாட்டுக்கும் பயப்படுற, பூட்டுக்கும் பயப்படுறியேடா” என்று அவனுடைய அக்கா ரமணி கிண்டல் செய்வாள். ஆனால் ஒன்பது வயதிலேயே உதைக்கிற மாட்டையும் கறந்தவன் அவன் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கை லயத்தில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

ஜூன் ஏழாம் தேதி சனிக்கிழமை, ஆபீஸ் அரைநாளோடு மூடிய பிறகு, லோரி ஒரு செவலைப் பசுவை உள்ளே விடும் சீட்டோடு இறக்கிவிட்டுப் போனது. மறுநாள் ஞாயிறு. திங்களும் செவ்வாயும் நோன்புப் பெருநாள் விடுமுறை. புதன்கிழமைதான் விடுதலைச் சீட்டு.

சாயங்காலம் பசுவின் சொந்தக்காரி தாயம்மா ஓடி வந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள், இப்போது புல்வெட்டுக்குப் போகிறவள்.

“தம்பி, கன்னு போட்டு இருவது நாள்தான் ஆவுது. தெறந்து வுடு சாமி.”

“சீட்டு இல்லாம முடியாதுக்கா. என் வேலை போயிரும்.”

“அப்ப பாலையாவது கறந்து குடு. கன்னுக்கு ஊட்டிக்கிறேன்.”

“அதுவும் வெளிய போகக் கூடாதுக்கா.”

அவள் அழுதுகொண்டே போனாள். மடி கனத்துப் பசு கால் மாற்றி மாற்றி நின்றது. இருட்டுவதற்கு முன் தனபாலன் வாளியை எடுத்தான். கன்று முட்டாததால் பால் பாதிதான் இறங்கியது. வீட்டுக்குக் கொண்டுபோனால் திருட்டு. தாயம்மாவிடம் கொடுத்தால் சட்டத்தை மீறியதாகும். வேறு வழி தெரியாமல் வேலியோரக் கால்வாயில் ஊற்றினான். ஞாயிறு காலையிலும் ஊற்றினான்.

கால்வாய் வேலியைத் தாண்டிச் சாலை வரைக்கும் வெள்ளையாக ஓடிற்று. மறுபடியும் கெஞ்ச வந்த தாயம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

“அடப் பாவி! என் கன்னு லயத்துல நாக்கு வறண்டு கெடக்குது. நீ சாக்கடை லோங்காங்குக்கு ஊட்டுறியா?”

அன்று மத்தியானம் மடியின் ஒரு காம்பு கல்லாகிச் சுட்டது. பிதுக்கினால் பால் திரிதிரியாக வந்தது. கன்று முட்டிக் குடிக்காவிட்டால் அந்தக் காம்பு போய்விடும், காய்ச்சல் ஏறினால் மாடே போய்விடும். மாடு செத்தாலும் வேலை போகும், கன்றை விட்டாலும் வேலை போகும். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தான். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, வேலியோரம் இன்னும் உட்கார்ந்திருந்த தாயம்மாவிடம் போனான்.

“கன்ன கொண்டாக்கா. பின்பக்கமா கொண்டா. யார்ட்டயும் சொல்லாத.”

புதன் விடிவதற்குள் கன்றை வெளியேற்றிவிட வேண்டும் என்பது அவன் திட்டம். மூன்று நாளும் சாலையில் மோட்டார் சத்தம் கேட்கும்போதெல்லாம் கன்றை மறைத்து நின்றான். சுட்ட காம்பு இளகிவிட்டது. ஆனால் புதன் காலை கன்று தாயைவிட்டு நகரவில்லை. கழுத்தை அணைத்து இழுத்தான், பின்னால் இருந்து தள்ளினான். அந்த நேரம் பார்த்துச் சுகாதார அதிகாரி, யாழ்ப்பாணத்துக்காரர் துரைசிங்கத்தின் கார் வாசலில் வந்து நின்றது.

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், பட்டியைப் பார்த்தார்.

“லிஸ்டில ஒண்டு. இஞ்ச ரெண்டு நிக்குது. ஆரின்ர கண்டு இது?”

“ஐயா... இதோட கன்னுங்கையா.”

“கதவு திறந்துவிட எவ்வளவு காசு வாங்கினனீ?”

பொய் சொல்லத் தைரியம் இல்லாததால் எல்லாவற்றையும் சொன்னான். கால்வாயில் ஊற்றியதையும் சொன்னான். இன்னும் லேசாக வீங்கியிருந்த காம்பைத் தொட்டுக் காட்டினான். துரைசிங்கம் குனிந்து பார்த்தார். தாளில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்றே தாயம்மா சீட்டு வாங்கிப் பசுவை ஓட்டிப்போனாள். தனபாலனின் விதியைச் சொல்லும் சீட்டுதான் வரவில்லை. பதினேழு நாள் சோறு இறங்கவில்லை. தபால்காரர் தெருவில் திரும்பினால் உள்ளே போய்விடுவான்.

ஜூன் இருபத்தெட்டில் கிராணி சிவானந்தம் கூப்பிட்டனுப்பினார். மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன.

“இது எச்சரிக்கைக் கடிதம். அனுமதி இல்லாமல் கன்றை விட்டதற்கு. நிரந்தர வேலை ஆறு மாசம் தள்ளிப்போகுது.”

“வேலைய விட்டு எடுக்கலீங்களா?”

“இல்லைப்பா, மூச்சு விடு. இது இன்னொன்று. துரைசிங்கம் எழுதி, மன்றக் கூட்டத்தில் ஒப்புக்கொண்டது. இனிமே பால்மாட்டைக் கன்றோடதான் அடைக்கணும். சொந்தக்காரர் காலை ஆறுக்கும் சாயங்காலம் ஐந்துக்கும் உள்ளே வந்து கறந்துகொள்ளலாம். ஆபீஸ் மூடின நாளில் விடுதலைச் சீட்டை நீயே கொடுக்கணும்.”

“நானா? கையெழுத்து நானா போடணும்?”

“பின்னே மாடா போடும்?”

மூடின நாளில் தப்பான ஆளிடம் மாட்டை விட்டுவிட்டால் யார் பொறுப்பு என்று மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் நீதான் என்றார் சிவானந்தம்.

ஜூலை ஆறு, ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்கு முன்பே இரண்டு பெண்கள் வாளியோடு கறக்க நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் சேது என்ற கிழவர், மாட்டை ஓட்டிப்போகக் கயிறோடு நின்றார்.

“சீக்கிரம் தெற லா, மாடு கத்துது!”

தனபாலன் பெண்களை உள்ளே விட்டான். கிழவரின் அடையாளக் கார்டை வாங்கி எண்களை இரண்டு தடவை சரிபார்த்தான். மாட்டின் நெற்றிச் சுழியைக் கேட்டான். வால் நுனி நிறத்தைக் கேட்டான்.

“பொண்ணு கட்டக் கேக்குறியா, மாடு வுடக் கேக்குறியா?” என்றார் கிழவர்.

பெண்கள் சிரித்தார்கள். தனபாலன் சிரிக்கவில்லை. விடுதலைச் சீட்டில் எழுத்து எழுத்தாகத் தன் பெயரை முழுசாக எழுதினான். பிறகு கதவைத் திறந்தான்.