முத்திரைச் சுத்தியல்

நகரத்தில், எங்கள் ஈஜிபுரா வீட்டில் பழைய கட்டிலின் காலை ஆசாரி இழைத்தபோது ஈட்டி மர வாசனை வந்தது.

என் சின்ன வயதில் அப்பா மலைக்காட்டில் வனக்காவலராக இருந்தார். வெட்ட அனுமதியான மரத்தின் அடித்தூரில் முத்திரைச் சுத்தியலால் அடிப்பார். வெட்டிய பிறகும் அடிக்கட்டையில் அது தெரிய வேண்டும், தெரியாவிட்டால் திருட்டு. துருப்பிடிக்காமல் இருக்கச் சுத்தியலைத் தவிட்டுப் பானைக்குள் வைத்திருப்பார். துணியால் துடைத்த பிறகுதான் அடிப்பார்.

அம்மாவின் தம்பி மரம் வெட்டுகிறவர். ஒருநாள் வந்து, "ஆத்தோரமா நாலு ஈட்டி நிக்குது. முத்திரை போட்டீங்கன்னா எங்க ஆளுங்களுக்கு ஒரு மாசம் வேலை," என்றார்.

"ஆத்தங்கரையில கை வெக்க முடியாது. மண்ணு சரிஞ்சிடும்," என்றார் அப்பா.

மறுநாள் அப்பா ரோந்துக்கும் அம்மா ஆற்றுக்குத் துணி துவைக்கவும் போயிருந்தபோது மாமா மறுபடி வந்தார். சுத்தியல் எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் திருப்பித் தந்தார்.

அந்த வாரமே நான்கு மரங்களும் விழுந்தன. "முத்திரை இருக்கு. முத்திரைப் பள்ளத்துல தவிடும் ஒட்டியிருக்கு," என்று அப்பா அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"நான் எடுக்கல," என்றாள் அம்மா. அவர் நம்பவில்லை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது இழைப்புச் சத்தம் கேட்டு அப்பா அறையிலிருந்து வந்தார். ஒரு மரச்சுருளை எடுத்து முகர்ந்தார்.

"உங்கம்மா அந்தச் சுத்தியலக் குடுத்திருக்கக் கூடாது," என்றார்.

அம்மா இறந்து பல வருடமாகிறது.

"ஆமாம்பா," என்றேன்.