ஒசரி உடுத்திப் போன நேர்முகத் தேர்வு

கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலைக்கு என் மகளை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முன் இரண்டு இடங்களுக்குப் போய்ச் சும்மா திரும்பியிருந்தாள். இதுவும் கிடைக்காவிட்டால் கொழும்புக்குப் போய் கார்மென்ட்ஸில் சேர்ந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என்ன உடுத்துவது என்பதில்தான் வீட்டில் சண்டை. அவள் கறுப்புக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் அழுத்தி வைத்திருந்தாள். முழங்கால் வலிக்கு நான் போவது அதே ஆஸ்பத்திரிக்குத்தான். முன்மேசையில் இருக்கும் பெண்களை ஒவ்வொரு தடவையும் எண்ணியிருக்கிறேன். ஐந்து பேர். ஐந்து பேரும் இளநீலச் சேலையை ஒசரியாக, சிங்களப் பெண்கள் உடுத்தும் விதத்தில், இடுப்பில் கொசுவம் விரியக் கட்டியிருப்பார்கள். நம் பிள்ளையும் அப்படியே போய் நின்றால் பார்த்தவுடனேயே பிடித்துப்போகும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

"அப்பா, நான் இன்னும் வேலையில சேரல. கேக்கத்தான் போறேன்" என்றாள்.

"உடுத்தப் போறவ அவ. நீங்க ஏன் கெடந்து துடிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

நான் விடவில்லை. எங்கள் வீட்டில் ஒசரி கட்டத் தெரிந்தவர் யாருமில்லை. அம்பிட்டியவில் எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா தன் இளநீலச் சேலையைத் தந்து, காலையிலேயே வந்து உடுத்தியும் விட்டார். பதினோரு ஊசி குத்தினார்.

ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் அவளோடு சேர்த்து எட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஆறு பேர் கால்சட்டையில். ஒரு முஸ்லிம் பிள்ளை அபாயாவில். ஒசரியில் வந்தவள் என் மகள் மட்டும்தான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து அவளிடம் எக்ஸ்ரே எங்கே எடுப்பது என்று கேட்டுப் போனார். பிறகு ஒரு வயதான சிங்களப் பெண் துண்டுச் சீட்டோடு வந்து, இரத்தம் பார்க்க எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

"நான் இங்க வேலை செய்யல, அம்மே" என்று மகள் சிங்களத்தில் சொன்னாள்.

அந்த அம்மா அவளுடைய சேலையைத் தொட்டுக் காட்டி, "அப்ப இது என்ன, துவே?" என்றார். மகளே என்று கூப்பிட்டுக் கையையும் பிடித்துக்கொண்ட பிறகு எப்படி உதறுவது? மகள் கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு, அவரைக் கீழே கூட்டிப் போனாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அவளுடைய பெயரைத்தான் கூப்பிட்டார்கள்.

நான் எழுந்து நின்றேன். "எனவா, எனவா" என்றேன். வருகிறாள் என்று சொல்ல எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். ஓடிப்போய்க் கூட்டிவர முழங்கால் விடாது. போன் பண்ணலாம் என்றால் அவளுடைய போன் என் கையிலிருந்த பையில் கிடந்தது. கதவருகே நின்ற மனிதர் காகிதத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அவளைக் கடைசியாகத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். மற்ற ஏழு பேரும் பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் உள்ளே இருந்தார்கள். இவள் நாலு நிமிஷத்தில் வெளியே வந்தாள்.

"என்னம்மா கேட்டாங்க?"

"கூப்பிட்டப்ப ஏன் இல்லன்னு கேட்டாங்க. நடந்தத சொன்னேன். பிறகு, ஏன் ஒசரி கட்டிக்கிட்டு வந்தீங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குப் பிடிக்கும்னு சொன்னேன்."

அவள் கைப்பையை வாங்கிக்கொண்டாள். இடுப்புக் கொசுவம் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. அதைச் செருகக்கூட எனக்குத் தெரியவில்லை. படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"மத்தவங்களும் இவ்வளவு நேரந்தானேப்பா உள்ள இருந்தாங்க?"

"நான் கவனிக்கலம்மா" என்றேன்.