புதன்கிழமை மறுஒளிபரப்பு

கெலமங்கலத்து ஃபெபா ஓசூர் லோக்கல் சேனலில் சேர்ந்து வருஷக்கணக்காகிவிட்டது. சென்னை டிவி நிகழ்ச்சிகளுக்கு நடுவே உள்ளூருக்கென்று கிடைத்த ஒரு மணி நேரத்தில், ஞாயிறுதோறும் நேயர்கள் போனில் பாட்டுக் கேட்பார்கள். ஃபெபா வாய் ஓயாமல் பேசுவாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் அக்கா. புதன் மத்தியானம் அதே டேப்பை மறுபடி ஓட்டுவார்கள்.

வாராவாரம் தவறாமல் கூப்பிடுகிறவள் வினிதா. கம்பெனி ஷிப்ட் முடிந்து வரும் புருஷன் ரத்தினவேலுக்காகத்தான் எப்போதும் பாட்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை ரத்தினவேலே வந்தான். கண்ணீர் அஞ்சலி போடச் சொல்லி வினிதாவின் போட்டோவை நீட்டினான். முந்தின நாள் காய்ச்சலில் போய்விட்டாளாம். ஃபெபா அஞ்சலியைப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை டேப்பை மாற்றத்தான் மறந்து தொலைத்தாள்.

மறுநாள் ஸ்டூடியோவில் சோற்றில் கை வைத்தபோது டிவியில் வினிதாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஃபெபா எச்சில் கையோடு ஓடி டேப்பைப் பிடுங்கினாள். திரை நீலமாகிவிட்டது. ஐயோ, அந்த மனுஷன் பார்த்திருந்தால்?

உடனே போன் அடித்தது. திட்டு வாங்கத் தயாராகி எடுத்தாள்.

"ஏன்க்கா நிறுத்திட்டீங்க?" என்றது வினிதாவின் குரல். "அவரு பார்த்துட்டிருக்காரு."