தண்ணீருக்கு அடியில் போன டிசைன்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நான் டிசைன் போடும் துணி பிரிண்டிங் யூனிட்டுக்கு ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்தார். வாராத தலை, தாராபுரத்துப் பக்கத்துப் பேச்சு. டீ கொடுத்தால் குடிக்காமல் டம்ளரை விரலால் தட்டித் தட்டி, டீயில் எழும் வளையங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வெள்ளைத் துணியில் கறுப்புப் புள்ளிகள் கேட்டார். கண்ணாடித் தொட்டிக்கு அடியில் அதை விரித்து, மேலிருந்து கேமராவில் படமெடுப்பாராம். தண்ணீர் அசைந்தால் புள்ளிகள் இடம் மாறித் தெரியும். அந்த மாற்றத்தை வைத்தே அலையின் மேடு பள்ளத்தைக் கணக்கிடுவாராம்.

நான் ஒரு சாண் இடத்துக்குப் புள்ளி வைத்து, அதையே துணி முழுக்கத் திரும்பத் திரும்ப அடித்துக் கொடுத்தேன். குழந்தைச் சட்டையில் ஒரே வாத்துக்குட்டியை வருடக்கணக்காக அடிப்பவனுக்கு வேறென்ன தெரியும்?

அவர் நெளிந்தார். "தப்பா நெனைக்காதீங்க. அதே புள்ளிக்கூட்டம் மறுக்கா வந்தா, எது எங்கிருந்து நகந்துச்சுன்னு கம்ப்யூட்டர் கொழம்பிரும்ங்க."

"ஏனுங்க, அலை மட்டும் மறுக்கா மறுக்கா அதேதானுங்க வருது?" என்றேன் எரிச்சலாக.

"இல்லீங்க. இத்தன வருசமாப் பாக்கறேன், ஒண்ணாட்டம் இன்னொண்ணு வந்ததே இல்லீங்க." பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை போல அவர் முகம் மலர்ந்தது.

அந்த அலையை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. மறுநாள் முழுக்க உட்கார்ந்து, எந்த இடமும் இன்னோர் இடம் போல இல்லாமல் புள்ளி வைத்துக் கொடுத்தேன். வாழ்நாளில் நான் போட்டதில் திரும்ப வராத டிசைன் அது ஒன்றுதான்.

அதன் மேலும் தண்ணீரை ஊற்றிவிட்டு, அவர் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.