எரிமலை மண்ணைப் பற்றி எழுதியவர் எங்கள் அப்பா

எங்கள் அப்பா யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் ஒரு செம்மண் தோட்டக்காரரின் மூத்த மகனாகப் பிறந்தார். விவசாயப் போதனாசிரியராக உத்தியோகம் பார்த்தார். ஆறு மாதப் பயிற்சிக்கு ஜாவாவுக்கு அனுப்பப்பட்டபோது, புகை விட்டுக்கொண்டிருக்கும் எரிமலையின் அடியிலேயே கோவா என்கிற முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் செழித்து நிற்பதைக் கண்டார். அதன்பின் அவருக்கு வேறு கதை கிடையாது. கலியாண வீட்டிலும் எரிமலை, செத்த வீட்டிலும் எரிமலை. அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கியதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரொறன்ரோ வந்தோம். வோபர்னில் ஒற்றை அறை அப்பார்ட்மென்ட், அப்பாவுக்குத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. பெட்டி தூக்கிய இடுப்பு, நாரி நோவோடு மூன்று பனிக்காலம் குந்தியிருந்து இரண்டு கொப்பி நிறைய எழுதினார். புதுச் சாம்பல் விழுந்த இடத்தில் பயிர் கருகிவிடும். மழையும் வெயிலும் வருடக்கணக்கில் வேலை செய்துதான் அந்தச் சாம்பலைச் சத்துள்ள மண்ணாக்கும். அந்த மண் தண்ணீரையும் நன்றாகப் பிடித்து வைத்திருக்கும். மலை எந்த நேரமும் வெடிக்கலாம் என்று தெரிந்தும் சனம் அவ்விடத்தை விட்டுப் போகாதது அதனால்தான். இவ்வளவையும் விளக்கி எழுதினார். நூலகத்தில் ஆங்கிலப் புத்தகம் பார்த்துச் சொல்வது என் வேலை. தெரியாத இடத்தில் அடைப்புக்குறி போட்டு என்னிடம் கேட்க ஒரு குறிப்பு எழுதி வைப்பார்.

கொப்பிகளைப் பக்கத்து மார்க்கம் நகரத்தில் இருக்கும் ஓர் அங்கிளிடம் கொடுத்தார். தமிழ் அடிக்கிற கொம்பியூட்டர் அவரிடம்தான் இருந்தது. அடுத்த வருடம் புத்தகம் வந்தது. முன்னட்டையில் அங்கிளின் பெயர், பின்னட்டையில் கோட்டுப் போட்ட அங்கிளின் படம். அப்பாவின் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. கொப்பிகள் மட்டும் திரும்பி வந்தன. ஆனால் திருடியவர் ஒழுங்காக வாசித்துத் திருடவில்லை. அடைப்புக்குறியை மட்டும் எடுத்துவிட்டார். பதினோராம் பக்கத்தில் இப்படி அச்சாகியிருக்கிறது: “சாம்பல் மண்ணாக எத்தனை வருடம் எடுக்கும், சின்னவளிட்டைக் கேக்கோணும்.”

அங்கிளுக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். சின்னவள் நான்.

“வெளியீட்டு மேடையிலை வைச்சே அந்தாளைக் கேக்கப்போறன் அப்பா” என்றேன்.

“விடு பிள்ளை. சனம் வாசிச்சால் அதுவே காணும்” என்றார்.

அவர் உயிரோடு இருக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். அங்கிளுக்குப் பொன்னாடை போர்த்தியபோது அப்பா பின்வரிசையில் இருந்து கைதட்டினார். அப்பாவைக் கைதட்ட வைத்ததற்காக அங்கிளை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை.

மாரடைப்பு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அப்பா போய்விட்டார். செத்தவீட்டுக்கு வந்த அங்கிள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பிள்ளை, அப்பாவின்ரை நினைவு மலரிலை எனக்கொரு பக்கம் விடு. அப்பா என்னட்டைத்தானே எழுதப் பழகினவர். அதை நாலு பேர் அறியோணும்.”

“ஓம் அங்கிள், கட்டாயம் விடுறன்” என்றேன்.

ஆஸ்பத்திரியில் முறைவைத்து நின்ற உறவுகளுக்கும், எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குச் சமைத்துத் தந்த வோபர்ன் அன்ரிமாருக்கும், இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. அப்பா கொப்பிகளில் எழுதியது முழுவதையும் அவர் பெயரிலேயே இம்மலரில் சேர்த்திருக்கிறோம். அங்கிள் கேட்ட பக்கத்தையும் நான் மறுக்கவில்லை. புரட்டிப் பாருங்கள். அது அவருடைய புத்தகத்தின் பதினோராம் பக்கம். எதிர்ப்பக்கத்தில், அதே வரி, அப்பாவின் கையெழுத்தில்.