நத்தர்ஷா கடை ஜைத்தூன் எண்ணெய்

புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குகிறார் நத்தர்ஷா. தொண்டையில் காரல் ஏறி ஓர் இருமல் வருகிறது. வாங்க வந்த புதுச்சேரி குமாஸ்தாவிடம், "பார்த்தீங்களா முசே? இருமல் வந்தா எண்ணெ புதுசு. வரலன்னா வாங்காதீங்க!" என்கிறார். இருமல் வராமல் போகுமா? அதுதான் எப்போதும் கைவசம் இருக்கிறதே.

பிரெஞ்சுக்காரர்கள் ஆளும் சைகோனில், கத்தினா என்ற பெரிய வீதிக்குப் பின்னால், பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடிகிற கடை. பிரெஞ்சுக்காரர்கள் ஒலீவ் என்பதை இவர் ஜைத்தூன் என்பார். பிரான்சின் மர்சேய் துறைமுகத்திலிருந்து வருவது மூன்று ரகம். முதல் பிழிசல் பச்சை. சலாது என்று அவர்கள் தின்னும் பச்சைக் காய்கறிமேல் அப்படியே ஊற்றலாம். மஞ்சள், பொரிக்க. வெளிறியது விளக்குக்கும் தலைக்கும். யார் என்ன நோவு சொன்னாலும் மருந்து மட்டும் ஒன்றுதான். "மலச்சிக்கலா? வெறும் வயித்துல ஒரு கரண்டி. முழங்காலா? சூடு பண்ணித் தேய்ங்க. நெஞ்சுக்கும் நல்லது." மாமியார் தொல்லைக்குத்தான் இன்னும் சிபாரிசு செய்யவில்லை.

இத்தனை பேரை மடக்கியவருக்கு வீட்டில் பாச்சா பலிக்கவில்லை. மனைவி சாலிஹாவை இந்த வருஷம்தான் காரைக்காலிலிருந்து அழைத்து வந்தார். நல்லெண்ணெய் இல்லாமல் அவளுக்குச் சமையலே ஓடாது. இவர் ஆசையாகக் கொடுத்த பச்சை எண்ணெய்ப் புட்டி குளியலறை மாடத்துக்குப் போனது. "உங்க ஜைத்தூன் என் குதிகால் வெடிப்புக்குத்தாங்க லாயக்கு." பேச்சு முற்றினால், "அடுத்த கப்பல்ல என்னை ஊருக்கு அனுப்பிடுங்க." அதைக் கேட்டாலே நத்தர்ஷாவுக்கு வயிற்றைக் கலக்கும். அந்த நோவுக்கு மட்டும் ஜைத்தூன் கேட்கவில்லை.

போன மாதம் புயலில் ஊர்ச் சரக்கு வரும் கப்பல் தாமதமாகி, நல்லெண்ணெய் தீர்ந்துபோனது. இவள் மூட்டை கட்டிவிடுவாள் என்ற பயத்தில் மனுஷர் கடையில் இருமக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார். மத்தியானம் வீட்டுக்குப் போனால், சுட்ட கத்திரிக்காயைப் பிசைந்து, வேறு வழியில்லாமல் மாடத்துப் புட்டியை அதன்மேல் கவிழ்த்திருந்தாள். இரண்டு தடவை சோறு வாங்கிக்கொண்டார். அவளும் வழித்துச் சாப்பிட்டாள்.

"ஒண்ணும் சொல்லிடாதீங்க," என்றாள்.

நேற்று கப்பல் வந்துவிட்டது. நல்லெண்ணெய் டின்னைத் தானே சுமந்து வந்து இறக்கினார். புட்டி இனி மாடத்துக்குத் திரும்பிவிடும் என்று கொஞ்சம் வருத்தம்தான்.

"இந்தா புள்ள, உன் எண்ணெ."

சாலிஹா டின்னை முகர்ந்தாள், முகம் மலர்ந்தது. அதை மூலையில் தள்ளிவிட்டு, பச்சைப் புட்டியிலிருந்து ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கினாள். இருமல் வந்தது.

"அடுத்த கப்பல்ல..." என்று ஆரம்பித்தாள். நத்தர்ஷா அவசரமாக டின்னை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினார்.

"...இது இன்னும் வருமா?"

முந்தானையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டே, புட்டியை அடுப்படியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.